மாநகராட்சியா, பஞ்சாயத்தா? புறநகரில் வீடு வாங்கும் முன் வரியையும் அனுமதியையும் ஒப்பிடும் முறை

கோவையில், மாநகராட்சிக்குள் வரும் காளப்பட்டியில் ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள், ஊராட்சியான நீலாம்பூரில் இன்னொன்று. இரண்டும் மூன்று சென்ட் சைட். இரண்டிலும் கீழும் மேலுமாக 1,800 சதுரடி கட்டடம். விலை பேசும்போது நீலாம்பூர்க்காரர் கடைசியாக எடுத்துவைப்பது இதுதான்: “இங்க வரி ரொம்பக் கம்மிங்க, வருசத்துக்கு ஆயிரத்துச் சில்லறைதானுங்க.” அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆயிரத்துச் சில்லறை எத்தனை சதுரடிக்குப் போட்டது? மாடி கட்டுவதற்கு முன்பு போட்டதா, பின்பா? இதைக் கேட்காமல் இரண்டு ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஒரு வீட்டின் பரப்பு நான்கு இடங்களில் பதிவாகியிருக்கும்: கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், வரி விதிப்பு, நேரில் நிற்கும் கட்டடம். நான்கிலும் ஒரே சதுரடி வந்தால் வரியை நம்பி ஒப்பிடலாம். வரவில்லை என்றால், குறைவான வரி என்பது இன்னும் வந்து சேராத ஒரு பாக்கி. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த நான்கையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதற்குத்தான்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீடு எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது என்பதை பஸ் ஸ்டாப் பெயரை வைத்தோ தபால் முகவரியை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். பத்திரத்தில் எழுதியிருக்கும் கிராமம் வருவாய்க் கிராமம். அது தாசில்தார் அலுவலகக் கணக்கு. வரி வாங்குவதும் கட்டட அனுமதி தருவதும் உள்ளாட்சி. இரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. புறநகரில் ஒரே ரோட்டின் இந்தப் பக்கம் மாநகராட்சி வார்டாகவும் அந்தப் பக்கம் ஊராட்சியாகவும் இருக்கும்.

எல்லைகள் நகர்ந்துகொண்டும் இருக்கின்றன. 2011-ல் கோவை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணர், சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் உள்ளே வந்தன. அதே ஆண்டில் திருப்பூரோடு வேலம்பாளையமும் நல்லூரும் சேர்ந்தன. 2021-ல் மதுக்கரை, கருமத்தம்பட்டி, காரமடை, கூடலூர், திருமுருகன்பூண்டி ஆகியவை நகராட்சிகளாயின. ஆகவே 2010-ல் எழுதிய பத்திரத்தில் ‘பேரூராட்சி’ என்று இருப்பதும், 2015-ல் கட்டிய வீட்டுக்குப் பழைய பேரூராட்சி முத்திரையோடு ஒரு வரைபடம் நீட்டப்படுவதும் ஒன்றல்ல. முதலாவது இயல்பு. இரண்டாவது சந்தேகத்துக்கு உரியது.

நம்பகமான வழி, கடைசி வரி ரசீதில் உள்ள வரி விதிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் ஆன்லைன் கணக்கில் தேடுவது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒரு தளமும் ஊராட்சிகளுக்குத் தனியாக ஒரு தளமும் இருக்கின்றன. எண்ணைப் போட்டதும் உரிமையாளர் பெயரும் பாக்கியும் வரும். விற்பவர் காட்டும் தாளை வைத்து முடிவு செய்யாமல், அதில் உள்ள எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள்.

எல்லை விரிவாக்கப் பேச்சு நடக்கும் ஊராட்சி என்றால், இன்றைய வரியை நிரந்தரம் என்று கணக்கில் வைக்க வேண்டாம். கோவையைச் சுற்றி நீலாம்பூர், மலுமிச்சம்பட்டி, கீரணத்தம், சோமையம்பாளையம் போன்ற ஊர்கள் அடுத்த விரிவாக்கத்துக்கான பேச்சில் பெயர் அடிபட்டவை.

வரியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ரசீதில் இருப்பது அரையாண்டுச் சொத்து வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஊராட்சி ரசீதில் இருப்பது ஆண்டு வீட்டு வரி. அதோடு நூலக வரி, ரூபாய்க்குப் பத்துக் காசு, சேர்ந்திருக்கும். இரண்டு ரசீதையும் அப்படியே ஒப்பிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. முதலில் நகர்ப்புற ரசீதை இரண்டால் பெருக்குங்கள்.

பிறகு வரி அல்லாத, ஆனால் வரியைப் போலவே வந்து நிற்கும் கட்டணங்களைக் கூட்டுங்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இருந்தால் அதற்கான கட்டணம், குப்பைக்கான கட்டணம். ஊராட்சியில் குழாய்க் கட்டணம் மட்டும் இருக்கும். சாக்கடைக் கட்டணம் இல்லை என்பது மகிழ்ச்சி தரலாம், ஆனால் செப்டிக் டேங்க் லாரி கூப்பிடும் செலவு உங்களுடையது.

நகர்ப்புற வரியில் தள்ளுபடியும் உண்டு, தண்டமும் உண்டு. அரையாண்டு தொடங்கிய முப்பது நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் குறைப்பு. தவறினால் மாதம் 1 சதவீதம் கூடிக்கொண்டே போகும். விற்பவர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்பது இணையக் கணக்கிலேயே தெரியும். பாக்கி இருந்தால் அது வீட்டின் மீதுதான் நிற்கும், விற்றவர் பின்னாலேயே போகாது.

பக்கத்து வீட்டு வரியை வைத்துக் கணக்குப் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நடந்த உயர்வு வீட்டின் பரப்பை வைத்து வேறுபட்டது. சென்னைக்கு வெளியே உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளில் 600 சதுரடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 1,190 சதுரடி வீடும் 1,210 சதுரடி வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்தாலும் ஏறிய விகிதம் வேறு. அதற்கு மேல் 2024-ல் 6 சதவீதம் கூட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் உயர்த்துவதற்கு 2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் இடம் இருக்கிறது. ஒரு ஆண்டு அரசு ஏற்றாமல் விடலாம், அடுத்த ஆண்டு ஏற்றலாம். கணக்குப் போடும்போது ஏறும் என்றே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஒரு மாதிரிக் கணக்கு. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்; உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி வீட்டுக்கு அரையாண்டு 3,200, ஆண்டுக்கு 6,400. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் கட்டும் மொத்தம் சுமார் 84,000. ஊராட்சி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,600, ஏறவே இல்லை என்றால் பத்தாண்டில் 16,000. வித்தியாசம் 68,000. பெரிய தொகையாகத் தெரிகிறது. இப்போது ஊராட்சி வீட்டில் போர் தண்ணீர் உப்பு, நல்ல தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு முறை என்று வையுங்கள். மாதம் இரண்டு டேங்கர், ஒன்றுக்கு 800 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 19,200. நான்கு ஆண்டு முடிவதற்குள் வரியில் மிச்சம் பிடித்தது முழுவதும் லாரிக்காரருக்குப் போய்விடும்.

அதனால்தான், வரி வித்தியாசத்தை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீண். வரி ரசீதின் உண்மையான பயன் வேறு: அந்த வீட்டைப் பற்றி அரசுக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

வரி விதிப்பில் என்ன எழுதியிருக்கிறது

ரசீதை மட்டும் வாங்காதீர்கள். வரி விதிப்பு விவரத்தைக் கேளுங்கள். அதில் பரப்பு, தளங்களின் எண்ணிக்கை, கூரை வகை, பயன்பாடு எல்லாம் இருக்கும். அடிக்கடி தென்படுபவை:

கீழ்த்தளத்துக்கு மட்டும் வரி. மாடி கட்டி எட்டு ஆண்டு ஆகியிருக்கும், கணக்கில் இன்னும் 850 சதுரடிதான். நீங்கள் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்கும்போது பில் கலெக்டர் நேரில் வந்து பார்ப்பார். புது அளவில் வரி போடுவது மட்டுமல்ல, கடந்துபோன அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். விலை பேசும்போதே இதைச் சொல்லி, விற்பவரே மறு அளவீடு செய்து கட்டித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூரை வகை பழையது. ஊராட்சிக் கணக்கில் ஓட்டு வீடு என்றிருக்கும். நிற்பதோ தார்சு (கான்கிரீட் கூரை) வீடு. வீட்டு வரி கூரை வகையைப் பொறுத்து மாறும் என்பதால் இதுவும் ஏறும்.

பயன்பாடு வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டோடு ஒட்டித் தறி ஷெட் இருக்கும். கணபதி, சிவானந்தபுரம் பக்கம் லேத் பட்டறை. திருப்பூரில் முன் அறையில் ஜாப் ஒர்க் மிஷின். இவை இருந்த வீடு குடியிருப்பாக விதிக்கப்பட்டிருந்தாலும் சிக்கல், தொழிற்கூடமாக விதிக்கப்பட்டு அப்படியே கிடந்தாலும் சிக்கல். முதலாவதில் பாக்கி வரும். இரண்டாவதில், பட்டறையைக் காலி செய்த பிறகும் நீங்கள் கூடுதல் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள், மாற்றச் சொல்லி மனு கொடுக்கும் வரை. மின் இணைப்பின் டேரிஃப் என்ன என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். வீடு முடிந்து குடியேறிய பிறகும் கட்டுமானக் காலத்துத் தற்காலிக இணைப்பிலேயே ஓடும் வீடுகள் உண்டு. யூனிட் விலையைப் பார்த்தால் ஏன் மாற்ற வேண்டும் என்று புரியும்.

சைட் மட்டும் வாங்கிக் கட்டப் போகிறீர்கள் என்றால் காலிமனை வரியைக் கேளுங்கள். நகர்ப்புறத்தில் பல சைட்டுகளுக்கு அது போடப்படாமலேயே கிடக்கும். கட்டட அனுமதிக்குப் போகும்போது பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள்.

அனுமதி: சைட்டுக்கு வேறு, வீட்டுக்கு வேறு

‘அப்ரூவல் இருக்குங்க’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மனைப்பிரிவுக்கு, அதாவது லேஅவுட்டுக்கு, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் ஒன்று. அந்த சைட்டில் நிற்கும் கட்டடத்துக்கான அனுமதி இன்னொன்று. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத வீடுகள் ஏராளம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ சைட் என்று ஒன்று கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் மட்டும் முத்திரை குத்திய லேஅவுட் தாளுக்கு மனைப்பிரிவு ஒப்புதல் என்ற மதிப்பு இல்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) எண், கோவையில் எல்.பி.ஏ. (உள்ளூர்த் திட்டக் குழுமம்) எண் என்று சொல்வதை, எண்ணாக மட்டும் வாங்காமல் லேஅவுட் வரைபடத்தின் நகலாக வாங்குங்கள். அதில் உங்கள் சைட் எண் இருக்கிறதா, அளவுகள் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, சைட் நிற்கும் இடம் வரைபடத்தில் பூங்காவாகவோ பொது ஒதுக்கீடாகவோ இல்லையே என்று பாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி உண்டு. அந்த இடத்தையே பின்னாளில் துண்டு போட்டு விற்ற வழக்குகள் இந்தப் பக்கத்தில் குறைவில்லை.

ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். தாய் சர்வே எண்ணுக்கு, அதாவது மனையாகப் பிரிப்பதற்கு முன்பிருந்த நிலத்தின் எண்ணுக்கு, வில்லங்கச் சான்று போட்டால் அந்தப் பத்திரம் வரும். வரவில்லை என்றால் ரோடு இன்னும் புரமோட்டர் பெயரில் இருக்கிறது. தார் போடுவது, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் ‘எங்கள் ரோடு இல்லை’ என்ற பதிலில் நின்றுவிடும்.

அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்பனையான மனைகளே அதில் வரும். இங்கும் இரண்டு அடுக்கு: லேஅவுட்டின் கட்டமைப்புக்கு முதலில், பிறகு தனி மனைக்கு உள்ளாட்சியில். விற்பவர் முதல் தாளை மட்டும் காட்டி ‘ரெகுலரைஸ் ஆயிருச்சுங்க’ என்பார். உங்கள் சைட் எண் போட்ட இரண்டாவது உத்தரவையும் பணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். திட்டத்தின் கடைசி நாள் பல முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ‘இன்னொரு தடவை திறப்பாங்க, அப்பப் பண்ணிக்கலாம்’ என்ற வார்த்தையை நம்பி விலை கொடுப்பது சூதாட்டம். வரன்முறைப்படுத்தாத மனையை மனையாகப் பதிவு செய்வதற்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் தடை இருக்கிறது. ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவானது என்ற விலக்கைச் சொல்லி மறுகிரயம் நடக்கும். ஆனால் பதிவு ஆனதாலேயே கட்ட அனுமதி கிடைத்துவிடாது.

பழைய ஊர் நத்தத்தில் உள்ள வீடு என்றால் லேஅவுட் கேள்வி எழாது. அங்கே நத்தம் பட்டாவும் எல்லை அளவும்தான் முக்கியம்.

பாதை பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து நிலம் சைட்டான இடங்களில், பத்திரத்தில் ‘மாமூல் வண்டித்தட பாத்தியம் உட்பட’ என்று ஒரு வரி இருக்கும். அது நடக்கவும் வண்டி ஓட்டவும் உள்ள உரிமை. கட்டட அனுமதிக்கு வேண்டிய பொது ரோடு அல்ல. இட்டேரி (தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) வழியாகப் போகும் சைட் என்றால் புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கி, அந்த இட்டேரி அரசுப் புறம்போக்குப் பாதையா, யாரோ ஒருவரின் பட்டாவுக்குள் ஓடுகிறதா, அகலம் எத்தனை மீட்டர் என்று பார்த்துவிடுங்கள். நேரில் இருபது அடி தெரியும் பாதை படத்தில் எட்டடியாக இருப்பது வழக்கம். மீதி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் விட்டுக்கொடுத்தது. வேலி போட அவர்களுக்கு ஒரு நாள் போதும்.

கட்டட அனுமதியை எந்த ஆண்டு என்று பார்த்துப் படியுங்கள்

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. தளப்பரப்புக் குறியீடு, அதாவது சைட் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண், பொதுவாக 2 என்பது இந்த விதிகளில்தான். மூன்று சென்ட் என்றால் 1,306.8 சதுரடி, இரண்டால் பெருக்கினால் 2,613 சதுரடி வரை கட்டலாம் என்று கணக்கு வரும். நடைமுறையில் அதற்கு முன்பே பக்கத்து இடைவெளி தடுத்துவிடும். முன்புறம் விட வேண்டியது ரோட்டின் அகலத்தையும், பக்கங்களில் விட வேண்டியது சைட்டின் அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்தது. அனுமதி வரைபடத்திலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருக்கும்.

ஊராட்சிப் பகுதி வீடுகளுக்கு 2023-க்கு முன்பு காகிதத்தில் அனுமதி கொடுத்தார்கள். இப்போது ஒற்றைச் சாளரத் தளத்தில் ஆன்லைன். பழைய காகித அனுமதியில் மூன்றைப் பாருங்கள்: தேதி, கட்டணம் கட்டிய ரசீது எண், சைட் யார் பெயரில் இருந்தது. அனுமதித் தேதிக்குப் பிறகுதான் அந்த நபர் சைட்டையே வாங்கியிருக்கிறார் என்று வில்லங்கச் சான்று சொன்னால், அந்த அனுமதி பின்னாளில் தயாரித்து முன்தேதி போட்டது. ஊராட்சி அலுவலகத்தில் அந்த ரசீது எண்ணைக் காட்டிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்கலாம். செயலர் பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுரடி வரையுள்ள சைட்டில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுரடி வரையிலான வீட்டுக்கு, உரிமையாளரின் உறுதிமொழியின் பேரில் உடனடியாக ஆன்லைனில் அனுமதி. சென்ட் கணக்கில் 2,500 சதுரடி என்பது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட். ஐந்தரை சென்ட் சைட் உள்ளே வரும், ஆறு சென்ட் வராது. கட்டணம் சதுரடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறுபடும். மாநகராட்சியில் கூடுதல், ஊராட்சியில் குறைவு. புதிதாகக் கட்டுபவர் ஒப்பிட வேண்டிய முதல் எண் இதுதான். தளத்தில் பரப்பைப் போட்டால் தொகை வந்துவிடும்.

ஆனால் சுயசான்றில் கட்டிய வீட்டை வாங்குபவருக்கு வேலை கூடுகிறது. அனுமதிக்கு முன்பு அதிகாரி யாரும் வந்து அளக்கவில்லை. உறுதிமொழியில் தவறு இருந்தால் அனுமதி ரத்தாகலாம், அப்போது வீட்டில் இருப்பவர் நீங்கள். எனவே அனுமதி வரைபடத்தை உங்கள் இன்ஜினியரிடம் கொடுத்து டேப்போடு நிற்க வைப்பது இங்கே கட்டாயம்.

டேப் எடுத்து அளக்கும் நாள்

ஒரு மணி நேர வேலை. அனுமதி வரைபடம், ஐம்பது மீட்டர் டேப், பேனா போதும். முதலில் சைட்டின் நான்கு பக்கத்தையும் அளந்து பத்திரத்தில் உள்ள அடி அளவோடு பாருங்கள். பிறகு சுவரிலிருந்து காம்பவுண்ட் வரை நான்கு புறமும். கடைசியாகக் கட்டடத்தின் வெளி அளவு, ஒவ்வொரு தளத்துக்கும்.

விதிமீறல் பெரும்பாலும் பக்கவாட்டு சந்தில்தான் இருக்கும். வெளிப்புறப் படிக்கட்டு, காம்பவுண்டை ஒட்டி டாய்லெட், கார் நிறுத்த நீட்டிய போர்ட்டிகோ, துணி துவைக்கும் இடம் என்று ஆரம்பித்து ஷீட் போட்ட அறை. மாடியில் வாடகைக்காகப் பின்னாளில் எழுப்பிய ஒற்றை அறை. இவற்றில் ஷீட்டைக் கழற்றிவிடலாம், தார்சு போட்டதை இடிக்கத்தான் வேண்டும். வங்கி மதிப்பீட்டாளர் அனுமதிக்கு உட்பட்ட பரப்புக்கு மட்டும் மதிப்பு போடுவார். 1,800 சதுரடிக்கு விலை கொடுத்து, 1,250-க்கு மட்டும் கடன் கிடைத்தால், மீதியைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தால் பேரம் பேசவும் இடம் இல்லை.

பணி நிறைவுச் சான்று இல்லையே என்று தனி வீட்டுக்குப் பயப்பட வேண்டாம். 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. அனுமதி காலாவதி ஆகும் தேதியைத்தான் கவனிக்க வேண்டும், குறிப்பாகப் பாதி கட்டிய வீட்டை வாங்கும்போது.

மின்கம்பி இன்னொரு இடம். 11 கே.வி. கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், 33 கே.வி.-க்கு 2 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் தலைக்கு மேல் 3.7 மீட்டர். ரோட்டோரக் கம்பி பால்கனியை உரசிப் போனால், கம்பியை நகர்த்தும் செலவு உங்கள் தலையில்.

இந்தப் பக்கத்துக்கே உரிய தடைகள்

மேற்கே மலையடிவாரத்தில், போளுவாம்பட்டி, இக்கரை போளுவாம்பட்டி போன்ற கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், சுருக்கமாக ‘ஹாக்கா’வின், கட்டுப்பாட்டில் வருகின்றன. அங்கே சாதாரண லேஅவுட் ஒப்புதல் போதாது. குழுமத்தின் இசைவும் வேண்டும், வனத்துறையின் கருத்தும் கேட்பார்கள். குளிர்ந்த காற்று, மலை தெரியும் ஜன்னல் என்று விற்கப்படும் சைட்டுகளில் பாதிக் கதை இங்கேதான் நிற்கும். சர்வே எண்ணைக் கொண்டு கோவை நகர் ஊரமைப்பு அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம். உயரக் கட்டுப்பாடு தரை மட்டத்தைப் பொறுத்து மாறும். இரண்டு மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் தொல்லை இராது. ஓடுபாதைக்கு நேர்கோட்டிலும் தளத்தின் சுற்றுச்சுவர் ஓரத்திலும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நகரின் மேற்கில், மதுக்கரை அருகே மைல்கல் என்ற இடத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை போகும் மேற்குப் புறவழிச் சாலை. அந்த வழியில் நிலம் வாங்குவோர் சர்வே எண் நில எடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் இது தெரியாமல் போகலாம்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்), கீழ்பவானி வாய்க்கால் ஓரங்கள், பள்ளம் என்று நாம் சொல்லும் ஓடைகள். வறண்டு முள் மண்டிக் கிடப்பதால் பள்ளம் இல்லை என்று ஆகாது. புலப்படத்தில் இருந்தால் இருக்கிறது. மழைக்காலத்தில் அதுவே நினைவூட்டும்.

நிலப் பயன்பாடும் உண்டு. கோவைக்கு 1994-ல் ஒப்புதலான மாஸ்டர் பிளானுக்குப் பிறகு 2041-ஐ இலக்காக வைத்துப் புதிய பிளான் வந்திருக்கிறது. பழைய தாளில் குடியிருப்பு என்றிருந்ததை வைத்துப் பேசாமல் புதியதில் சர்வே எண் எந்த நிறத்தில், அதாவது எந்தப் பயன்பாட்டில், வருகிறது என்று பாருங்கள். மாஸ்டர் பிளான் இல்லாத ஊர்களில் விவசாய நிலத்தை மனையாக்க வழிகாட்டி மதிப்பில் 3 சதவீதம் கட்டணம் கட்டி மாற்றியிருக்க வேண்டும்.

மொத்தச் செலவைப் போடும்போது

பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40 லட்சம் மதிப்புக்கு 3,60,000. பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரலில் இருந்து இது உண்டு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்து விற்பவர் பெயரில் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

தீர்வையைக் குறைக்கக் கட்டடத்தைச் சொல்லாமல் காலிமனையாக எழுதலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் சொத்தின் புகைப்படம் பத்திரத்தோடு போகிறது. அது முடியவே முடியாத வேலை என்பதோடு, பின்னால் கட்டடத்துக்கு உரிமை காட்ட உங்களிடம் காகிதமும் இருக்காது.

கட்டப்போகிறவர்கள் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி. சொந்தக் குடியிருப்புக்குச் செலவு சட்டத்தில் சொன்ன வரம்புக்குள் என்றால் கிடையாது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். மாநகராட்சிப் பகுதி என்றால் குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகையும் ரோடு வெட்டும் கட்டணமும் உண்டு.

அட்வான்ஸுக்கு முன்பு, பதிவுக்குப் பின்பு

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திர நகல்கள், பட்டா, புலப்படம், லேஅவுட் ஒப்புதல் நகல், சைட் எண்ணுக்கான வரன்முறை உத்தரவு இருந்தால் அது, கட்டட அனுமதியும் வரைபடமும், வரி விதிப்பு விவரம், பாக்கி இல்லை என்பதற்கான கடைசி ரசீது. அனாதீனம் (அரசு வசமான, உரிமையாளர் இல்லாத நிலம்), பஞ்சமி (பட்டியலின மக்களுக்கு ஒதுக்கிய நிலம்), கோயில் நிலம் என்ற கேள்விகள் பட்டா, ஏ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) தெரியும்; சொத்து வாங்கும் எல்லோரும் பார்க்க வேண்டிய பொதுவான விஷயம் அது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வரி மறு அளவீட்டையும் விதிமீறலை நீக்குவதையும் விற்பவர் கடமையாக எழுதி, அதற்குத் தேதியும் போடுங்கள். ‘பாத்துப் பண்ணித் தர்றோம்’ என்பது ஒப்பந்தத்தில் சேராது.

பதிவு முடிந்ததும் வரிசை இப்படி. உட்பிரிவு தேவையில்லாத சைட் என்றால் பட்டா தானாகவே மாறும். தேவையுள்ளது என்றால் சர்வேயர் வந்து அளப்பதற்கு மனு. பிறகு சொத்து வரிப் பெயர் மாற்றம், கிரயப் பத்திர நகலும் கடைசி ரசீதும் வைத்து. அடுத்து மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு. வரிப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போட்டவர்கள் அதிகம் சிக்குவது மறு அளவீட்டு நோட்டீஸில். நோட்டீஸ் பழைய உரிமையாளர் பெயருக்குப் போகும், அவர் எடுத்துவைக்க மாட்டார், ஆட்சேபிக்க அதில் கொடுத்த நாட்கள் முடிந்துவிடும். அடுத்த அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ உங்கள் வரி விதிப்பு எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் சதுரடியும் சரியாக இருந்தால் அந்த மாதத்துக்குள்ளேயே கட்டி 5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.